நேற்று வரை மாப்ள, நாளை முதல் ஷிப்ட் இன்சார்ஜ்

நூற்பாலையில், அறுந்த இழையை இணைக்கும் ஒரு சைடரோ ஃபிட்டரோ ஷிப்ட் இன்சார்ஜ் ஆகும்போது, அவருக்குக் கீழே வருகிறவர்கள் முன்பின் தெரியாத ஆட்கள் இல்லை. சேலம் பக்கம் ஓமலூரிலிருந்தோ தாரமங்கலத்திலிருந்தோ ஒரே பைக்கில் வந்தவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்தவர்கள், பாதிப்பேர் மாமன் மச்சான் முறை. இந்த நேரத்தில் எல்லோரும் யோசிப்பது நண்பர்களை எப்படிச் சமாளிப்பது என்று. அதைவிட முக்கியமானவர்கள் ஷிப்டில் உங்கள் நண்பர் செட்டில் சேராதவர்கள். நண்பர்கள் உங்களைப் பார்ப்பதைவிட நூறு மடங்கு உன்னிப்பாக அவர்கள் பார்ப்பார்கள். யாருக்கு எந்த பிரேம் (நூற்கும் மெஷின்), யாருக்கு கேட் பாஸ், யார் பெயர் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) லிஸ்ட்டில் என்று மனதுக்குள்ளேயே கணக்கு வைப்பார்கள். அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் நண்பர்களும் நிம்மதியாக வேலை செய்ய முடியாது. ஒவ்வொரு நாளும் "உனக்கென்னப்பா, உன் ஆளு இருக்காரு" என்ற பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும்.

கீழே உள்ளது நூற்பாலையை வைத்து எழுதியது. சேகோ (ஜவ்வரிசி) ஆலை, ஜவுளிக்கடை, வெள்ளிப் பட்டறை, ஏற்காடு ரிசார்ட் எதுவானாலும் மெஷின் பெயரை மாற்றிக்கொண்டால் போதும்.

கடிதம் கைக்கு வரும் முன்

பதவி உயர்வு என்றதும் தலையாட்டிவிட வேண்டாம். ஸ்பின்னிங் மாஸ்டரிடமோ ஃபேக்டரி மேனேஜரிடமோ சில விஷயங்களைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். லீவு கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கா, சிபாரிசு மட்டுமா? கேட் பாஸ் எத்தனை மணி நேரம் வரை நீங்கள் கையெழுத்துப் போடலாம்? ஓ.டி. பட்டியலை இறுதி செய்வது யார்? மெமோ கொடுப்பது நீங்களா, நீங்கள் எழுதிக் கொடுத்து ஆபீஸ் கொடுக்குமா? பதிலை ஒரு சின்ன வாட்ஸ்அப் செய்தியாக அவருக்கே அனுப்பி, "நீங்க சொன்னது இதுதானே சார்" என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இது தெளிவாக இல்லாமல் போனால் நடப்பது இதுதான்: நண்பருக்கு லீவு சரி என்று சொல்வீர்கள், மேலே மறுப்பார்கள், நண்பர் உங்களை நம்பி ரயில் டிக்கெட் போட்டிருப்பார்.

சம்பளக் கணக்கையும் அப்போதே போட்டுப் பாருங்கள். தொழிலாளியாக இருக்கும்வரை கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி. தினக்கூலி 560 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 70, ஓ.டி.க்கு 140. வாரம் நான்கு மணி நேரம், மாதம் 16 மணி நேரம் என்றால் 2,240 ரூபாய். ஸ்டாஃப் பட்டியலுக்குப் போனதும் பல இடங்களில் இது நின்றுவிடும். ஸ்டாஃப் சம்பளம் அதைவிடக் கூடுதலாக இல்லையென்றால் பதவி ஏறிக் கைப்பணம் குறையும், அந்தக் கடுப்பு நண்பர்கள் மேல்தான் இறங்கும். தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருந்தால் பதவி ஏற்கும் முன்பே அதை முறையாக ஒப்படைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கால் வைத்தால் இரண்டு பக்கமும் நம்பாது.

முதலில் யாரிடம் சொல்வது

அதே பதவியை எதிர்பார்த்து ஏமாந்த நண்பரிடம் முதலில். நோட்டீஸ் போர்டில் ஒட்டும் முன், நிர்வாகம் அனுமதித்தால் முதல் நாளே, கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பத்து நிமிடம் பேசுங்கள். மெஷின் ஓரத்தில் வேண்டாம். வீட்டுக்குப் போய் உட்கார்ந்தும் வேண்டாம், அது துக்கம் விசாரிப்பது போல ஆகிவிடும்.

"மாப்ள, ஒண்ணாந் தேதியிலிருந்து ரெண்டாவது ஷிப்ட எங்கிட்ட குடுக்கறாங்க. நீயும் கேட்டிருந்தேன்னு தெரியும். போர்டுல பாத்து நீ தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் முன்னாடியே சொல்றேன். மெஷின் போடறது, லீவு, ஓ.டி. மூணும் இனி பேப்பர்ல எழுதித்தான் நடக்கும், உனக்கும் சேத்தி."

இவ்வளவு போதும். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், சமாதானம் தேட வேண்டாம். "நீதான் வந்திருக்கணும்டா" என்று சொல்லவே கூடாது. அடுத்த ஆறு மாதத்துக்கு ஷிப்டு முழுக்கச் சுற்றப்போகிற வாக்கியம் அது. மற்ற நண்பர்களிடம் "எதுவும் மாறாது, நான் அதே ஆள்தான்" என்று சொல்வதும் அதே ரகம். மாறப்போகிறது என்று அவர்களுக்கும் தெரியும். அந்தச் சொல்லை நம்பி முதல் வாரமே ஒருவர் அரை மணி நேரம் லேட்டாக வருவார், நீங்கள் கேட்பீர்கள், "அன்னிக்கு என்ன சொன்னே?" என்பார்.

அந்த ஏமாந்த நண்பருக்கு ஒப்புக்கு ஒரு பட்டம் கொடுத்துச் சமாதானப்படுத்தாதீர்கள். அவருக்கு உண்மையிலேயே கைவந்த வேலை ஏதாவது இருக்கும்: புது ஆட்களுக்கு இழை இணைக்கப் பழக்குவது, ஸ்பிண்டில் டேப் பிரச்சினையைக் காதாலேயே கண்டுபிடிப்பது. அந்த வேலையை அவரிடம் கொடுத்து, அதில் அவர் சொல்வதை எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். மூன்று மாதம் ஆகியும் முதுகுக்குப் பின்னால் கலைத்துக்கொண்டே இருந்தால், சண்டை வெடிக்கும் முன் வேறு ஷிப்டுக்கு மாற்றம் கேளுங்கள். வெடித்த பிறகு கேட்டால் அது பழிவாங்கல் என்றுதான் பெயராகும்.

கூப்பிடும் முறை பற்றி ஒரு வார்த்தை. வயதில் மூத்தவரை இதுவரை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டிருந்தால் அப்படியே தொடருங்கள், பதவி அதை மாற்றாது. கேட்டுக்குள் "டா" மட்டும் போக வேண்டும். உங்கள் வாயிலிருந்துதான் முதலில். ஒருவரை "டா" போட்டுவிட்டு அடுத்த மெஷினில் இருப்பவரை "வாங்க" என்றால், யார் நெருக்கம் என்று அறிவிப்புப் பலகை வைத்தது போல. நண்பர் பழக்கத்தில் நாலு பேர் முன்னால் "டேய்" என்றால் அங்கேயே திருத்தாதீர்கள். பதிலை மட்டும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகும். "சார்னு கூப்பிடு" என்று கேட்டு வாங்கினால் ஆயுசுக்கும் கேலி.

மெஷின் பிரிப்பது

சண்டை ஆரம்பமாகும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாக.

எல்லா ரிங் பிரேமும் ஒன்றில்லை. பழைய பிரேமில் இழை அதிகம் அறும், சைடர் ஷிப்டு முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 20-ஆம் நம்பர் போன்ற தடித்த கவுண்ட் (நூலின் நம்பர்; நம்பர் கூடக்கூட நூல் மெல்லியது) ஓடினால் பாபின் சீக்கிரம் நிறையும், நிறைந்த பாபினைக் கழற்றி மாற்றும் டாஃபருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. 60 ஓடுகிற பிரேமில் டாஃப் அவ்வளவு அடிக்கடி வராது. கதவு ஓரத்தில் ஈரப்பதம் நிற்காமல் போகும் பிரேமும் தொல்லைதான். இதெல்லாம் ஷிப்டில் எல்லோருக்கும் தெரியும். முந்தைய இன்சார்ஜ் வாய்மொழியாகவே போட்டுக்கொண்டிருந்திருப்பார், உங்கள் நண்பர் இப்போது நல்ல பிரேமில் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

முதல் வாரம் எதையும் மாற்றாமல் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு பிரேமிலும் ஷிப்டுக்கு எத்தனை அறுப்பு, எத்தனை டாஃப், எத்தனை கிலோ நியூமாஃபில் வேஸ்ட் (இழை அறும்போது உறிஞ்சு குழாயில் சேரும் பஞ்சு). அதை வைத்து பிரேம்களைக் கஷ்டம், நடுத்தரம், லேசு என்று மூன்றாகப் பிரியுங்கள். எட்டு சைடர்கள் இருந்தால் எட்டு இடம். ஒவ்வொருவரும் வரிசையாக எல்லா இடத்துக்கும் போய்வரும்படி ஒரு சார்ட் போடுங்கள். வாரா வாரம் மாற்ற வேண்டாம். புது பிரேமுக்குப் போனதும் முதல் ஓரிரு நாள் அறுப்பு கூடும், கை பழக நேரம் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் சரியாக இருக்கும், சுற்று முடிய 16 வாரம். ஃபைன் கவுண்டில் (மெல்லிய நூலில்) உண்மையிலேயே பழக்கம் இல்லாதவர் இருந்தால் அவரை விலக்கி வையுங்கள், ஆனால் காரணத்தை சார்ட்டிலேயே எழுதுங்கள்.

யாரில் தொடங்குவது? இங்கேதான் நல்ல எண்ணத்தோடு தவறு செய்வார்கள். பாரபட்சம் இல்லை என்று காட்ட, நெருங்கிய நண்பரைத் தூக்கி முதல் நாளே மோசமான பிரேமில் போடுவார்கள். அதுவும் பாரபட்சம்தான், தலைகீழாக. நண்பர் மனம் கசக்கும். மற்றவர்களோ நாடகம் என்பார்கள். டிக்கெட் நம்பர் (ஆலையில் தொழிலாளிக்குத் தரும் எண்) வரிசையில் தொடங்குங்கள். யார் பெயர் எங்கே விழுகிறதோ அங்கே. சார்ட்டைத் தேதியோடு ஒட்டிவிடுங்கள், மொபைலில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஓ.டி.க்கும் இதே வழி. ஒரு பெயர்ப் பட்டியல். வேலை வரும்போது அடுத்த பெயரைக் கேட்பது. வேண்டாம் என்றால் "கேட்டேன், மறுத்தார்" என்று எழுதி அடுத்தவரிடம் போவது. மறுத்தவர் மறுபடி சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். நண்பர்கள் போன் போட்டதும் வந்துவிடுவார்கள் என்பதால் அவர்களையே கூப்பிடப் பழகிவிடுவீர்கள். அவசரத்தில் இது சௌகரியம்தான், மாதக் கடைசியில் ஓ.டி. பணம் முழுக்க ஒரே செட்டுக்குப் போயிருக்கும்.

சேர்வராயன் மலையில் காபி எஸ்டேட்டுகளில் இதற்கு ஈடானது எடை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கும்போது, கூட வேலை செய்தவரே மேஸ்திரியாகித் தராசு பக்கம் நின்றால், எடையை உரக்கச் சொல்லி எழுதுவது ஒன்றே வழி. தராசின் முகம் பறித்தவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

ஆடி மாதம் வருகிறது

சேலத்தில் லீவுப் பிரச்சினைக்கு ஒரு மாதம் உண்டு, அது ஆடி. கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஆடிப்பெருக்கு, குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை (அலங்கார வண்டி ஊர்வலம்), போதாததற்கு ஒவ்வொருவர் ஊர் மாரியம்மனும் கிட்டத்தட்ட அதே வாரத்தில். மாவட்ட நிர்வாகம் விடும் உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும்தான். ஆலைக்கு 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர ஐந்து பண்டிகை நாள். அந்த ஐந்தில் ஆடிப் பண்டிகை உண்டா என்று உங்கள் ஆலைப் பட்டியலைப் பாருங்கள்.

ஆனி முதல் வாரமே தேதி கேட்டு எழுதுங்கள். ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை பேரை விடலாம் என்ற எண்ணை முதலில் முடிவு செய்யுங்கள். 24 பேர் ஷிப்டில் வழக்கமாக இரண்டு பேர் சொல்லாமலே லீவு போடுவார்கள் என்றால், மூன்று பேருக்கு மேல் முன்கூட்டி விட முடியாது. அதற்கு மேல் கேட்டால் போன வருடம் கிடைக்காதவருக்கு இந்த வருடம் முன்னுரிமை. "முதலில் கேட்டவருக்கு" என்ற விதி நியாயமாகத் தெரியும், நடைமுறையில் ஏமாற்றும். லிஸ்ட் திறந்தது முதலில் தெரிவது உங்களோடு டீ குடிப்பவருக்குத்தான்.

இதைவிடச் சிக்கலானது செட்டில் ஒருவர் கல்யாணம். எல்லோரும் போக வேண்டும், நீங்களும் போக வேண்டும். பாதிப்பேர் முதல் நாள் மாலை வரவேற்புக்கு, பாதிப்பேர் காலை முகூர்த்தத்துக்கு என்று பிரியுங்கள். நீங்கள் அடுத்த ஷிப்ட் இன்சார்ஜோடு மாற்றிக்கொள்ளுங்கள். யார் எதற்கு என்பதை அவர்களே சீட்டு எழுதிக் குலுக்கட்டும். அந்த நாளில் செட்டில் இல்லாத ஒருவர் தன் வீட்டு விசேஷத்துக்கு முன்பே லீவு கேட்டிருந்தால், அவர் பெயர் முதலில்.

முதல் கண்டிப்பு

இது முதல் மாதத்துக்குள் வந்தே தீரும், பெரும்பாலும் டீ நேரத்தில். நடந்த அன்றே பேசுங்கள். ஆறப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாட்டிலோடு உட்காரும்போது எடுத்தால், சொன்னதும் நிற்காது, நட்பும் நிற்காது.

தனியாகக் கூப்பிட்டு, பார்த்ததை எண்ணோடு சொல்லி, ஒரு கேள்வி கேட்டு, வாயை மூடிக்கொள்ளுங்கள்: "பத்து நிமிஷ டீக்கு இன்னிக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஆயிருச்சு. பதினாலாம் பிரேம்ல பதினோரு இழை அறுந்து கிடந்துச்சு. என்ன ஆச்சு?" அவர் பேசும்வரை காத்திருங்கள். அந்த மௌனம் சங்கடமாக இருக்கும்; அதை நிரப்ப "பரவால்ல விடு" என்று நீங்களே சொல்லிவிட்டால் பேசியதே வீண். "நம்ம பழக்கத்துக்கு நீ இப்படி செய்யலாமா" என்றும் ஆரம்பிக்க வேண்டாம். அறுந்தது இழை, பேச்சும் இழையைப் பற்றியே இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் முடித்து, நாளைக்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒரு வரி.

முதல் முறை வாய்மொழி, இரண்டாவது நோட்டில் எழுதி அவருக்குக் காட்டுவது, மூன்றாவது ஆபீஸுக்கு. சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டில் தேதி, ஆள், விஷயம், சொன்னது என்று குறித்துவாருங்கள். மாதக் கடைசியில் அதைப் புரட்டினால் ஓர் உண்மை தெரியும்: நண்பருக்கு ஐந்து வாய்மொழி, மற்றவருக்கு ஒரே வாய்மொழிக்குப் பிறகு மெமோ என்று இருந்தால், தராசு சாய்ந்துவிட்டது. வேண்டுமென்று யாரும் இப்படிச் செய்வதில்லை. நண்பர் ஏன் லேட் என்று உங்களுக்குத் தெரியும், குழந்தைக்குக் காய்ச்சல் என்று. மற்றவரின் குழந்தைக்கும் காய்ச்சல் வரும், உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். ஆகவே எல்லோரிடமும் காரணத்தைக் கேளுங்கள்.

இன்கிரிமென்ட் சிபாரிசு எழுதும்போதும் நண்பர்கள் பெயருக்கு மட்டும் ஸ்பின்னிங் மாஸ்டரின் கருத்தையும் சேர்த்து வாங்குங்கள். வருகை நாள், வேஸ்ட் கிலோ, எஃபிஷியன்சி ஆகிய எண்களை முதலில் எழுதிவிட்டு, பிறகு உங்கள் கருத்தை எழுதுங்கள். வரிசை மாறினால் எண்களைக் கருத்துக்கு ஏற்பத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

சாதி, ஊர் என்று வெளிப்படையாகப் பேசமாட்டார்கள், எண்ணுவார்கள். உங்கள் செட்டு முழுக்க ஒரே ஊராகவோ ஒரே சமூகமாகவோ இருந்தால், லேசான பிரேமில் நின்றவர்கள் யார் என்ற கணக்கு அந்தக் கண்ணோடுதான் பார்க்கப்படும். ஒட்டிவைத்த சார்ட் தவிர இதற்குப் பேச்சால் பதில் கிடையாது.

கைமாத்து, சீட்டு, ஜாமீன்

நண்பர்களோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் நேர் செய்யுங்கள். நீங்கள் தர வேண்டியதை முதலில். உங்களுக்கு வர வேண்டியது பெரிய தொகையாக இருந்தால் தவணை பேசி எழுதிக்கொள்ளுங்கள், சம்பள நாளன்று கேட்டில் நின்று கேட்பது கூடவே கூடாது. ஷிப்டுக்குள் சீட்டு நடத்திக்கொண்டிருந்தால் புதிதாக எதுவும் தொடங்காமல், ஓடுகிற சீட்டைக் கணக்கோடு முடியுங்கள். பதிவு செய்யாத சீட்டு 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதை விட்டாலும், தவணை கட்டாதவருக்குக் கஷ்ட பிரேம் விழுந்தால் சார்ட் முறைப்படியே விழுந்ததென்று யாரும் நம்பமாட்டார்கள். நாணயச் சங்கக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து இனி வேண்டாம். அட்வான்ஸ் கேட்டால் ஆபீஸ் வழி காட்டுங்கள். மொய் மட்டும் பழைய கணக்குப்படியே செய்யலாம், அதில் பதவிக்கு இடமில்லை.

தெரிந்ததும் தெரியாததும்

நண்பராக இருந்தபோது நிறையத் தெரிந்திருக்கும். ஒருவர் வீட்டில் விசைத்தறி ஓட்டிவிட்டு நைட் ஷிப்டுக்குத் தூக்கத்தோடு வருகிறார் என்பது போல. பழையதைத் தோண்ட வேண்டாம். ஆனால் ஓடுகிற மெஷின் பக்கத்தில் ஒருவர் கண் சொக்கி நின்றால், அன்றைக்கு மெஷினிலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும். "இனி எங்கிட்ட சொல்றது சூப்பர்வைசர்கிட்ட சொன்னதாத்தான் அர்த்தம்" என்று முன்பே சொல்லிவைப்பது நல்லது. பெண் தொழிலாளி யாராவது பாலியல் தொந்தரவு பற்றிச் சொன்னால், அதுவும் அது உங்கள் நண்பரைப் பற்றி என்றால், சமாதானம் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் அவர் எழுத்தில் புகார் கொடுக்கலாம் என்று சொல்லி, எழுத உதவி தேவையென்றால் செய்யுங்கள்.

மேலேயிருந்து வரும் செய்திக்கு எதிர்த்திசை. யாருக்கு மாற்றம், எந்த ஷிப்டில் ஆள் குறைப்பு என்பது டீக்கடையில் நண்பரிடம் கசிந்தால் மறுநாள் காலை கார்டிங் டிபார்ட்மென்ட் வரை போய்விடும். "தெரியாது" என்று பொய் சொல்லத் தேவையில்லை. "சொல்ல முடியாது, சொல்ற நாள் வந்தா எல்லாருக்கும் ஒண்ணாச் சொல்வேன்" என்றால் போதும்.

செட்டின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். நீங்கள் இல்லாத புதுக் குரூப் ஒன்று அன்றைக்கே தொடங்கும், அதில் முதல் மீமும் உங்களைப் பற்றித்தான் இருக்கும். அதன் ஸ்கிரீன்ஷாட்டை யாரிடமும் கேட்காதீர்கள். வேலைக்கு என்று ஷிப்டில் உள்ள எல்லோரையும் சேர்த்துத் தனிக் குரூப் போதும்.

தட்டுவடை செட்டும் டீயும் தொடரலாம், தினமும் அதே நாலு பேரோடு வேண்டாம். பைக்கில் ஒன்றாக வருவதைத்தான் நிறுத்தச் சொல்வோம். அவர் லேட்டானால் நீங்களும் லேட், நீங்கள் லேட்டானால் அவருக்கு லேட் மார்க் போட முடியாது. ஏற்காடு ரிசார்ட்டுகளில் குவார்ட்டர்ஸில் ஒரே அறையில் தங்குபவர்களுக்கு இது இன்னும் கடினம். பொறுப்பு ஏற்கும் முன்பே வேறு அறை கேளுங்கள், குறிப்பாக யாருக்கும் லீவு கொடுக்க முடியாத மே மாதக் கோடை விழா சீசனுக்கு முன்.

மூன்றாம் மாத முடிவில்

ஓ.டி. பட்டியல், லீவு நோட்டு, கண்டிப்பு நோட்டு மூன்றையும் எடுத்து, செட்டில் உள்ளவர்கள் பெயரில் மட்டும் கோடிட்டு எண்ணுங்கள். 24 பேரில் அவர்கள் ஆறு பேர் என்றால், ஓ.டி. மணி நேரத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்களுக்குப் போயிருக்க வேண்டும். பாதியைத் தொட்டிருந்தால் அடுத்த மாதப் பட்டியலை ஸ்பின்னிங் மாஸ்டர் கையெழுத்தோடு வெளியிடுங்கள்.

எண்கள் சரியாக இருந்தும் ஷிப்டு ஒத்துழைக்கவில்லை, உங்களுக்கும் தூக்கம் போய்விட்டது என்றால், வேறு ஷிப்டோ வேறு டிபார்ட்மென்ட்டோ கேட்பதில் வெட்கம் இல்லை. தெரியாத ஆட்களுக்கு இன்சார்ஜாக இருப்பது இதைவிடச் சுலபம். பழைய வேலைக்கே திரும்ப விரும்பினால், பதவி நிரந்தரம் என்ற கடிதம் வரும் முன் எழுத்தில் கேளுங்கள். அதன் பிறகு பழைய டிக்கெட் நம்பரும் சீனியாரிட்டியும் திரும்பக் கிடைக்குமா என்பது ஆலைக்கு ஆலை வேறுபடும். அதையும் கடிதம் வாங்கும் நாளிலேயே கேட்டுவைத்திருக்க வேண்டும்.